மண்டபத்துக்கு வெளியே ஒரு ட்ரம்பெட்

எங்கள் ஊரில் ட்ரம்பெட் சத்தம் கேட்டால் யாரும் "என்ன பாட்டு?" என்று கேட்பதில்லை. "ஆர் செத்த?" என்றுதான் கேட்பார்கள். மாதா கோயில் பாண்டில் இருபத்தெட்டு வருடமாக ட்ரம்பெட் ஊதுகிறவன் நான். தொழில் என்னவோ வாவிக்கரைத் தகரக் கொட்டிலில் போட் எஞ்சின் திருத்துவது. திருநாளுக்கு ஊதுவது வருடத்தில் ஒருநாள். மற்றதெல்லாம் சவ ஊர்வலம்.

என் மனைவி அந்தச் சத்தத்தை வெறுத்தாள். அவள் பக்கம் நியாயம் இருந்தது. ஏழு வருடத்துக்கு முன் அவளுடைய தம்பி இறந்தபோது பெட்டிக்கு முன்னால் ஊதிக்கொண்டு போனவன் நான்தான். பாண்டில் வேறு ட்ரம்பெட்காரன் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் வாசல் படலையடியில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றதை ஊதியபடியே பார்த்தேன். அன்றிலிருந்து ட்ரம்பெட் வீட்டுப் படி ஏறவில்லை. கொட்டிலில் எஞ்சின்களோடுதான் அதன் குடித்தனம்.

இப்படி இருக்கையில், கொழும்பிலிருந்து ஓர் ஓர்கெஸ்ட்ரா இங்கே வாவியோர மண்டபத்தில் கச்சேரி வைக்க வந்தது. நூறு வருடங்களுக்கு முந்திய அமெரிக்க இசையமைப்பாளர்களைக் கொண்டாடும் கச்சேரி. வருகிற வழியில் அவர்களுடைய ட்ரம்பெட்காரர்களில் ஒருவருக்குக் காய்ச்சல். மாதா கோயில் பாதர் என் கொட்டிலுக்கே வந்துவிட்டார்.

"நோட்ஸ் பாத்து ஊத உன்ன விட்டா இஞ்ச ஆர் இரிக்கா?"

"எனக்குச் செத்தவீட்டு ஊத்துத்தான் பாதர் தெரியும்."

"ஊதத் தெரியும்தானே. வா."

இசையை நடத்துகிறவர் ஓர் அமெரிக்க அம்மா. நரைத்த தலைமயிரைக் குட்டையாக வெட்டியிருந்தார். அந்த இசையமைப்பாளர்கள் ஐரோப்பாவைப் பார்த்துப் பார்த்து எழுதி அலுத்துப்போனவர்களாம். தங்கள் தெருவில் போன பாண்ட், கோயிலில் பாடிய பாட்டு, கொட்டகையில் ஆடிய ஆட்டம் எல்லாவற்றையும் தங்கள் இசைக்குள் இழுத்துப்போட்டார்களாம். பாதர் இதைத் தமிழில் சொன்னபோது எனக்குப் பயம் பாதி போய்விட்டது. தெருவில் ஊதுவதென்றால் நான் ஊதாததா?

எனக்குக் கிடைத்தது கடைசி உருப்படியில் ஒரு சின்னப் பங்கு. உள்ளே வயலின்கள் மெல்ல இழுத்துக்கொண்டிருக்கும். நான் மண்டபத்துக்கு வெளியே, வீதிக்கு அப்பால் தண்ணீர்க்கரையில் நின்று, ஒரே மெட்டை நான்கு தடவை ஊத வேண்டும். கைக்கடிகாரம் பார்த்து ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை. நான்காவதுக்கு முன் வயலின்கள் ஓய்ந்துவிடும்; அது தனியே ஒலிக்க வேண்டும். "தூரத்திலிருந்து வர வேண்டும், அவசரமே கூடாது" என்றார் அந்த அம்மா. நான் தலையாட்டினேன். பெரிய இடத்து வேலை கிடைத்த பெருமையில் மூளை வேலை செய்யவில்லை.

மனைவியைக் கூப்பிட இரண்டு நாள் எடுத்தது. அவள் அந்தச் சத்தத்தைச் சாவு இல்லாமல் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. மீன் வெட்டிக்கொண்டிருந்தவளிடம் ஒருவழியாகச் சொன்னேன். அவள் நிமிரவில்லை.

"ஒருத்தரும் சாகாத இடத்தில நீங்க ஊதுறதும் ஒரு அதிசயம்தான்" என்றாள். பிறகு, "வாறன்" என்றாள்.

கச்சேரி பின்னேரம் ஐந்து மணிக்கு. சத்தம் போடும் என்று மின்விசிறிகளை நிறுத்திவிட்டார்கள். சனம் நிகழ்ச்சித்தாளால் விசிறிக்கொண்டு பொறுமையாக இருந்தது. கதவுகள் மட்டும் அகலத் திறந்திருந்தன. நான் கரையோர வாகை மரத்தடியில் நின்றேன். கத்தரிப்பூச் சேலையில் மூன்றாவது வரிசையில் அவள் இருப்பது அங்கிருந்தே தெரிந்தது.

நேரம் வந்தது. முதல் தடவை ஊதினேன். நல்லாகவே வந்தது, சொன்னால் என்ன. ஊதி முடித்துப் பார்க்கிறேன், முன்வரிசையில் ஒரு பெரியவர் எழும்புகிறார். பக்கத்தில் இருந்தவர் எழும்புகிறார். வரிசை வரிசையாகச் சனம் எழும்புகிறது, பெண்கள் சேலைத் தலைப்பைத் தலையில் போடுகிறார்கள். வாசலில் இருந்த காவல்காரர் ஓடிவந்து ஒரு கதவைச் சாத்தினார். மற்றக் கதவையும் சாத்தினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீதியால் சவம் போனால் எங்கள் ஊரில் கடைக்காரன் கதவைச் சாத்துவான், உட்கார்ந்திருப்பவன் எழும்புவான். அந்தச் சத்தத்தைக் கேட்டால் நானே அதைத்தான் செய்திருப்பேன். ஆனாலும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மனதுக்குள் காவல்காரரை ஏசினேன், அமெரிக்க அம்மாவை ஏசினேன், தூரத்தில் நின்று ஊதச் சொல்லி எழுதி வைத்த அந்த மனுசனையும் ஏசினேன். பிறகு நேரம் தவறக்கூடாதே என்று இரண்டாவதைச் சாத்திய கதவுக்கு ஊதினேன். மூன்றாவதையும் ஊதினேன். அவள் அங்கே உள்ளே மறுபடி காதைப் பொத்திக்கொண்டு நிற்பாள். ஏன் கூப்பிட்டோம் என்று இருந்தது.

நான்காவதுக்கு அரை நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. கத்தரிப்பூச் சேலை. வயலின்கள் ஓய்ந்துவிட்டதால் அவள் காவல்காரரிடம் சொன்னது வீதி தாண்டிக் கேட்டது.

"ஒருத்தரும் சாகல்ல அண்ணே. அது என்ட மனிசன் ஊதுறாரு. கதவ மூடாதீங்க."

மற்றக் கதவையும் தள்ளித் திறந்து, காற்றுக்கு அடிபடாமல் முதுகைக் கொடுத்து நின்றாள். நான் ஊதினேன். நடுவில் ஒரு சுரம் கொஞ்சம் பிசகியது. உள்ளே யாரும் உட்காரவில்லை. எழும்பியவர்கள் எப்படித் திரும்ப உட்காருவது என்று தெரியாமல் கடைசிவரை நின்றார்கள்.

கச்சேரி முடிந்ததும் அமெரிக்க அம்மா கண்ணைத் துடைத்தபடி என் கையைப் பிடித்தார். இந்த உருப்படிக்கு ஒரு மண்டபமே எழுந்து நின்றதை வேறெங்கும் கண்டதில்லையாம். பாதர் என்னைப் பார்த்தார், நான் வாவியைப் பார்த்தேன். கேட்டால்தானே சொல்ல வேண்டும்.

மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பினோம். ட்ரம்பெட் பெட்டியை அவள் மடியில் வைத்திருந்தாள். பாலம் தாண்டும் வரை பொறுத்துப் பார்த்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"எல்லாரும் சவம் எண்டு நினைச்சாங்க. உனக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்ச?"

"நீங்க சவத்துக்கு ஊதுறது எனக்குத் தெரியாதா? இது அது இல்ல."

"ஏழு வருசமாக் காதப் பொத்திக்கொண்டுதானே இருந்த?"

"பொத்தினா மட்டும் கேக்காதா?" என்றாள்.

கொட்டிலுக்குத் திரும்பும் முடக்கு வந்தது. பெட்டியை வைத்துவிட்டுப் போக வேகத்தைக் குறைத்தேன்.

"இஞ்ச என்னத்துக்கு நிப்பாட்டுறீங்க?" என்றாள். "நேரா வீட்ட போங்க."