எதிர்ப்பக்கத்து மூன்று டெசிபல்

அலுவலகத்தில் எல்லோரும் அவரை, சத்தத்தை அளக்கும் அலகின் பெயரால், டெசிபல் என்றுதான் கூப்பிட்டார்கள். சாலையோரத்தில் எழுப்பும் தடுப்புச் சுவர் வாகனச் சத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்று, கட்டுவதற்கு முன்பே கணக்குப் போட்டுச் சொல்வது அவர் வேலை. அவர் சொன்னால் ஒரு டெசிபல் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

நெடுஞ்சாலையின் ஒரு பக்கம் மருத்துவமனை. அதற்காக நான்கு மீட்டர் சுவர். பத்து டெசிபல் குறையும் என்று கணித்தார். எதிர்ப்பக்கம் வரிசை வீடுகள். அதில் ஒன்று அவருடைய அக்கா வீடு. வழவழப்பான கான்கிரீட்டில் பட்டுத் திரும்பும் சத்தத்தால் அங்கே மூன்று டெசிபல் வரை கூடும் என்றும் கணக்கு காட்டியது. அதையும் அறிக்கையில் ஒரு வரியாக எழுதினார்.

"இதைப் போட்டா, சத்தத்தை உறிஞ்சுற பலகை வேணும்பாங்க. முதல்லேருந்து அனுமதி வாங்கணும். மூணு டெசிபலை யார் கவனிக்கப் போறா?" என்றார் மேலாளர்.

டெசிபல் அந்த வரியை அழித்தார்.

சுவர் எழும்பியது. மருத்துவமனையில் அளந்தபோது சரியாகப் பத்து குறைந்திருந்தது. அந்த ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போனார். முன் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. பக்கவாதத்தில் படுத்திருந்த அத்தானின் கட்டில், பின்பக்கம் சாமான் அறைக்கு மாறியிருந்தது.

"முன் ரூம்ல தூக்கமே வரலைங்கிறார். லாரி கூடிப்போச்சு போல," என்றாள் அக்கா. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரியிடம், "அந்தச் சுவருக்குக் கணக்குப் போட்டது என் தம்பிதான்," என்றாள்.

காபியைப் பாதியில் வைத்துவிட்டு அவர் கிளம்பினார். அதன்பிறகு ஏதாவது சாக்குச் சொல்லி நான்கு மாதம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஒரு நாள் மனது கேட்காமல் போய்ச் சொல்லிவிட்டார்.

"லாரி கூடலைக்கா. சுவர்ல பட்டு உங்க பக்கம் திரும்புது."

"கட்டினப்புறம் தெரிஞ்சுதா?"

"முன்னாடியே தெரியும்."

அக்கா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனுஷன் இந்த இரைச்சலைக் கேட்டு, தன் மண்டையிலதான் ஏதோ கோளாறுன்னு பயந்துக்கிட்டு இருந்தார்."

மறுநாளே, அழித்த வரியைக் கடிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு நெடுஞ்சாலைத் துறைக்கு அனுப்பினார். மேலாளர் அவருடன் பேசுவதை விட்டார். சத்தத்தை உறிஞ்சும் பலகைகள் வந்து சுவரில் பொருத்தி முடிய ஒன்றரை வருடம் ஆயிற்று. அதற்குள் அத்தான் அந்தச் சாமான் அறையிலேயே காலமாகிவிட்டார்.

கருவியோடு போய் முன் அறையில் அளந்தார்.

"குறைஞ்சிருக்குக்கா."

"சரி. சாப்பிட்டுட்டுப் போ," என்று தட்டை வைத்தாள். காலியான அந்த அறையில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.