கதவடிச் சுவிட்ச்

காரை விற்ற பிறகு வெள்ளவத்தை வீட்டின் கராஜ் காலியாகக் கிடந்தது. மூடப்பட்ட மரவேலைக் கடையொன்றிலிருந்து பழைய கடைச்சல் இயந்திரத்தை வாங்கி அங்கே நிறுத்தினேன். கதிரைக் கால், மேசைக் கால் என்று எதையாவது கடையலாம். யாருக்கு என்று கேட்க வீட்டில் ஆள் இல்லாததால் அதற்குப் பதில் தயாரிக்கவில்லை.

இயந்திரத்தோடு வந்த சுவிட்ச் உருகிப்போயிருந்தது. அதன் இடத்துக்கு வீட்டுச் சுவரில் பூட்டும் சாதாரண சுவிட்ச் சரிவராது. தொழிற்சாலைத் தரத்தில், மோட்டருக்கு மின்னைத் தொடுத்துவிடும் கொன்டக்டர் பெட்டியொன்றும், அடித்தவுடன் மின்னை வெட்டும் சிவப்புக் குமிழ்ச் சுவிட்சும் வேண்டும். அரச திணைக்களமொன்றின் வேலைத்தளங்களுக்குப் பொறுப்பாக இருந்து முப்பத்தொரு வருடம் சாமான் எடுத்தவன் நான். மூன்று விலைமனு இல்லாமல் ஓர் ஆணியும் வாங்க விட்டதில்லை. எனவே மூன்று கடைக்குப் போவதென்று தீர்மானித்தேன். போவதற்கு வேறு இடமும் இருக்கவில்லை.

முதலாவது, காலி வீதியில் ஒரு ஹாட்வெயார் கடை.

"இது எத்தனை அம்பியர் தம்பி?"

"எல்லா அம்பியரும் தாங்கும் ஐயா."

"எழுதித் தருவீரா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஐயா இன்கம் டக்ஸோ?"

இரண்டாவது, புறக்கோட்டையில் ஒரு கம்பனி. தனி ஆளுக்கு விற்பதில்லையாம். நிறுவனத்தின் கடிதத் தலைப்பில் கேட்டு அனுப்ப வேண்டுமாம். நானாக இருந்தாலும் அப்படித்தான் திருப்பியிருப்பேன் என்பதால் நன்றி சொல்லி வெளியே வந்தேன்.

மூன்றாவது கடை கொட்டாஞ்சேனையில். மாளிகாவத்தையிலிருந்து தினமும் வந்து திறக்கும் முஸ்லிம் முதலாளிக்கு என் வயதிருக்கும். கேட்பதற்கு முன்பே கொன்டக்டரின் மூடியைக் கழற்றி உள்ளே காட்டினார். "வாசிங்க சேர், அம்பியர் எல்லாம் அதுல அடிச்சீக்கி. கண்ணாடி வேணுமா?" வாசித்தேன். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"குமிழ்ச் சுவிட்ச் ரெண்டு எடுங்க சேர்."

"ஒண்டு காணும்."

"ஒண்டு உங்கட கையடியில. மத்தது கதவடியில. உங்கட சட்டை மெசின்ல மாட்டினா நீங்களா போய் அமத்துவீங்க?"

அவர் எங்கள் திணைக்களத்தின் சுற்றறிக்கையையே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தனியாக எவரும் இயந்திரம் ஓட்டக்கூடாது. வாசலடியில் இரண்டாவது சுவிட்ச் இருக்க வேண்டும். இரண்டாமவர் அதை அழுத்திச் சோதித்து ஒப்பமிட வேண்டும். எழுதியவன் நான். அந்த ஒப்பமில்லாத படிவங்களை ஒன்றுவிடாமல் திருப்பி அனுப்பியவனும் நான்.

"மத்த ஆள் யாரு சேர் ஈக்காங்க வீட்டுல?"

"மனிசி," என்றேன்.

என் மனைவி இறந்து மூன்று வருடம்.

"மேடம் உசரமா, கட்டையா?"

"என்ரை தோளுக்கு வருவா."

"அப்ப அவங்கட கைக்கு எட்டப் பூட்டுங்க. உங்கட உசரத்துக்குப் பூட்டிட்டு அவங்களக் குதிக்க வெக்காதீங்க."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். பஸ்ஸில் அதை யோசித்துக்கொண்டு வந்தேன். அவள் எதற்காகவும் குதித்தவள் அல்ல. கதிரையை இழுத்துப் போட்டு ஏறுவாள். இறங்கிய பிறகு அதை அங்கேயே விட்டுவிட்டுப் போவாள், நான் தடக்குப்படுவேன்.

வயர் இணைக்க எனக்கு ஆள் தேவையில்லை, அதற்கான சான்றிதழ் அலமாரியில் இருக்கிறது. முதலாவது சுவிட்சை இயந்திரத்தில் பூட்டினேன். இரண்டாவதற்கு அளவுநாடா எடுக்கவில்லை. நான் காரின் கீழே கிடக்கும்போது அவள் கதவடியில் நின்று, "சோறு ஆறுது," என்பாள். அப்போது கதவு நிலையில் அவள் கை வைக்கும் இடத்தில் வெள்ளைப் பூச்சு மங்கிப்போயிருந்தது. அதற்குப் பக்கத்தில் பூட்டினேன்.

சோதனைப் படிவத்தையும் நானே தயாரித்தேன். ஓட்டுபவர், நிறுத்துபவர் என்று இரண்டு கட்டங்கள். இயந்திரத்தை ஓடவிட்டு கதவடிக்கு ஆறு எட்டு எடுத்து வைத்து, சற்றுக் குனிந்து குமிழை அழுத்தினேன். நின்றது. முதல் கட்டத்தில் ஒப்பமிட்டேன். இரண்டாவதை இரண்டு நாள் வெறுமையாக வைத்திருந்தேன். யாரையாவது கூப்பிடலாம் என்று தொலைபேசியில் பெயர்களைப் பார்த்தேன். பாதிப் பேர் நாட்டில் இல்லை. மீதிப் பேரில் சிலர் உலகிலேயே இல்லை. மூன்றாம் நாள் அதிலும் நானே ஒப்பமிட்டேன். இரண்டு கட்டத்திலும் ஒரே கையெழுத்து. என் மேசைக்கு வந்திருந்தால் அன்றைக்கே திரும்பியிருக்கும்.

பிறகு ஒரு தேக்குத் துண்டை மாட்டிப் பத்து நிமிடம் கடைந்தேன். ஒரு பக்கம் அளவுக்கு மீறி மெலிந்துபோயிற்று, கதிரைக் கால் பழுது. உளியிலும் குற்றமில்லை, கொன்டக்டரிலும் இல்லை. இயந்திரம் ஓடும்போது கண் வேலையை விட்டு அகலக்கூடாது என்பதும் அதே சுற்றறிக்கையில் இருந்தது. நான் கதவடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.