கேட் டூட்டி திம்மராயன்

திம்மராயன் வேலை முடிந்து வரும்போது காலைப் பார்த்தாலே நாள் எப்படிப் போனதென்று தெரியும். நல்ல நாளில் வலது காலைக் கொஞ்சம் இழுப்பார். கெட்ட நாளில் எங்கள் வாசல் குழாயடியில் தூணைப் பிடித்து நின்றுவிட்டு, அப்புறம்தான் தன் வீட்டுப் படி ஏறுவார். சிறைக் காவலர் குடியிருப்பில் அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரே சுவர். அவர் மனைவி சென்னம்மா அந்தப் பக்கம் கொட்டாவி விட்டால் எனக்குக் கேட்கும்.

திம்மராயனுக்குச் சொந்த ஊர் ஜவளகிரி. அப்பா காலம் முழுக்க அடுத்தவர் காட்டில் வேலை செய்தவர். தம்பிகள் இரண்டு பேரும் ஓசூர் கம்பெனிகளில் ஷிப்டு பார்க்கிறார்கள். காக்கி போட்டது இவர் மட்டும்தான். நீயும் வந்துவிடு, செக்யூரிட்டி வேலை இருக்கிறது என்று தம்பிகள் கூப்பிட்டார்கள். அங்கேயும் கேட்டில்தானே நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.

எங்கள் கிளைச்சிறை சின்னது. பெரிய கம்பெனி பஸ்கள் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. வெளியே ஓர் இரும்புக் கதவு, உள்ளே ஒரு கம்பிக் கதவு, இரண்டுக்கும் நடுவே ஒரு கட்டில் போடும் அளவு இடம். அந்த இடத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவதுதான் கேட் டூட்டி. இரண்டு கதவுச் சாவியும் ஒரே வளையத்தில் அவர் இடுப்பில் தொங்கும்.

என் வீட்டுக்காரர் பெருமாள் அங்கே தலைமைக் காவலர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடசாமி என்கிற நாவிதர் உள்ளே வந்து கைதிகளுக்குச் சவரம் செய்வார். முதல் முகம் தலைமைக் காவலருடையது. யார் ஆரம்பித்த பழக்கமோ தெரியாது, இவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். முற்றத்தில் நாற்காலி போட்டு, வெள்ளைத் துணி போர்த்தி, தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். கைதிகள் வரிசையில் காத்திருப்பார்கள். வேண்டாமென்று திம்மராயன் ஒன்றிரண்டு முறை சொல்லிப் பார்த்தார். இவர் சிரித்துவிட்டார்.

அந்த ஞாயிறு வரிசையில் அஜித்குமார் நின்றான். ஓசூரில் கம்பெனி வேலை, அத்திப்பள்ளிப் பக்கம் குடியிருப்பு. எல்லையின் இரண்டு பக்கமும் வழக்கு. திங்கட்கிழமை கர்நாடகப் போலீஸ் வந்து அவனைப் பெங்களூர் ஜெயிலுக்குக் கொண்டுபோக உத்தரவு வந்திருந்தது. அங்கே அவன் அடித்த ஆளின் கூட்டாளிகள் உள்ளேயே இருக்கிறார்கள். போனால் உயிரோடு திரும்ப மாட்டேன் என்று வாரமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தானாம். என் வீட்டுக்காரர்தான் அவனை வாயை மூடச் சொன்னவர்.

மாடசாமி நுரையைத் தடவிவிட்டுக் கத்தியைத் தண்ணீரில் நனைக்கத் திரும்பினார். அதை அஜித்குமார் பிடுங்கி, சாய்ந்திருந்த கழுத்தில் வைத்து, கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தினான்.

கத்தல் கேட்டு நான் வீட்டிலிருந்து ஓடினேன். வெளிக்கதவில் ஆள் முகம் பார்க்க ஒரு சின்னத் துவாரம் உண்டு. அதன் வழியாகத் திம்மராயனின் முதுகு தெரிந்தது. அவருக்கு அப்பால் கம்பி. கம்பிக்கு அப்பால் நுரை போட்ட கழுத்து.

வெளியே பாராவில் நின்ற கோபிதான் எனக்குப் பிறகு சொன்னார். திம்மராயன் முதலில் செய்த காரியம், இடுப்பிலிருந்த சாவி வளையத்தைக் கழற்றி அந்தத் துவாரம் வழியாக வெளியே கொடுத்தது. வெளியில் பூட்டு, நானே கேட்டாலும் குடுக்காதே என்றாராம். அப்புறம் உள்ளே இருந்த காவலரைக் கூப்பிட்டு, மற்ற கைதிகளையும் மாடசாமியையும் அறைக்குள் போட்டுப் பூட்டச் சொன்னார். போலீஸ் ஜீப் வந்தபோது சைரனை நிறுத்தச் சொல்லி அனுப்பினார். அவ்வளவையும் செய்துவிட்டு ஸ்டூலைக் கம்பி ஓரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

என் வீட்டுக்காரர் குரல் கேட்டது. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

"திம்மா, கதவத் தெற. ஹெட் வார்டர் சொல்றன். இது ஆர்டரு."

"சாவி வெளியில இருக்குதுங்கய்யா."

"வாங்குடா."

"கழுத்துல கத்தி இருக்கிற வரைக்கும் நீங்க சொல்றது ஆர்டர் இல்லீங்கய்யா. எனக்கு வேலூர் ட்ரெய்னிங்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. உங்களுக்கும் அதேதான்."

நான் துவாரத்தில் வாய் வைத்துத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் உயிரோட வேணும்னா போய்ச் சென்னம்மாகிட்ட உக்காருங்கண்ணி என்றார். நான் போகவில்லை. துவாரத்தை விட்டு நகர்ந்து சுவரோரம் நின்றேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் பேச்சுதான். கன்னடத்தில் பாதி, தமிழில் பாதி. யார் மகன், அம்மா எங்கே, காலையில் சாப்பிட்டாயா, களியா சோறா என்று வயலுக்குப் போகும் வழியில் விசாரிப்பதுபோல விசாரித்தார். அவன் கத்தினால் இவர் பேசாமல் இருந்தார். அவன் அடங்கினால் இவர் தொடங்கினார். வெயில் சுவரின் உச்சியிலிருந்து என் காலடிக்கு இறங்கி வந்தது.

நடுவில் என் வீட்டுக்காரர் கெஞ்சினார். அனுப்ப மாட்டோம்னு சும்மா சொல்லித் தொலைடா, அப்புறம் பாத்துக்கலாம் என்றார். திம்மராயன் அதையும் கேட்கவில்லை.

"உன்னை அனுப்பாம நிறுத்தறது என் கையில இல்ல அஜித்து. நான் சரின்னா அது பொய். நீ பயப்படறத மாஜிஸ்ட்ரேட்டுக்கு எழுதி அனுப்பலாம், அத நான் செய்யறன். அவங்க என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

கொஞ்சம் பொறுத்துத் திம்மராயனே மறுபடி தொடங்கினார்.

"கை வலிக்குதில்ல? எனக்கு முட்டி வலிக்குது. அவருக்குக் கழுத்து வலிக்கும். மூணு பேரும் எத்தன நேரம் இப்படியே இருக்கறது, சொல்லு."

கத்தி தரையில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கால்ல எட்டித் தள்ளு, இந்தப் பக்கம் வரட்டும் என்று திம்மராயன் சொன்னது கேட்டது. சாவி கொடு என்று அதற்குப் பிறகும் அவர் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் துவாரத்தில் பார்த்துவிட்டுச் சொன்ன பிறகுதான் கோபி பூட்டைத் திறந்தார். என் வீட்டுக்காரர் கழுத்தில் நகக்கீறல் மாதிரி ஒன்று. நுரை காய்ந்து போயிருந்தது. திம்மராயனால் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. கோபி கை கொடுத்தார்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேலதிகாரியின் உத்தரவை மீறியதற்கும் சாவியைக் கைவிட்டதற்கும் திம்மராயனுக்கு மெமோ வந்தது. வேலை போனாலும் போகலாம் என்று பேசிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நான் சாகட்டும்னு உக்காந்திருந்தான் என்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்துச் சொல்வார். சுவருக்கு அந்தப் பக்கம் சென்னம்மா பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைக்கத் தொடங்கினாள்.

விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அன்று காலை நான் காக்கிச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இவர் வெகுநேரம் பனியனோடு நின்றார்.

"நீயும் தெறக்கச் சொன்னியாமே. கோபி சொன்னான்."

"ஆமாங்க."

"தெறந்திருந்தா அவன் என்னையும் இழுத்துக்கிட்டு ரோட்டுக்கு வந்திருப்பான்."

நான் சட்டையைக் கொடுத்தேன்.

அங்கே இவர் என்ன சொன்னார் என்று கோபி மூலம்தான் தெரிந்தது. தெறன்னு நான்தான் சொன்னேன் சார், அப்போ நான் சொன்னது ஆர்டர் இல்ல சார் என்றாராம். நாற்காலியில் உட்கார்ந்திருந்ததையும் மறைக்கவில்லை. திம்மராயனின் மெமோவை ரத்து செய்துவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்குச் சம்பள உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது.

திம்மராயன் சொன்னபடி எழுதினார். மனு போனது. ஆனாலும் அஜித்குமாரைப் பெங்களூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே அவனைத் தனியாக வைத்திருப்பதாகக் கேள்வி. யாரும் நேரில் பார்க்கவில்லை. நல்லா இருந்தா சரி என்கிறார் திம்மராயன், அதற்கு மேல் பேசுவதில்லை.

இப்போது என் வீட்டுக்காரர் வீட்டிலேயே ஜன்னல் கண்ணாடியில் சவரம் செய்துகொள்கிறார். அவரும் திம்மராயனும் முன்போல உட்கார்ந்து பேசுவதில்லை. ஆனால் கம்பிக் கதவைத் தாண்டி உள்ளே போகும் முன், தினமும் நின்று கேட்கிறாராம்.

"சாவி?"

"நீங்க உள்ள போனதும் வெளியில போயிரும்ங்கய்யா."

அதைக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே கால் வைக்கிறார்.