மார்கழிக்குள் முடியும் அனுமதி

என் மாமனார் அந்தக் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பெண்ணின் வயது, அவள் அப்பாவின் தொழில், மதம் எதையும் கேட்கவில்லை. "போலீஸ்லே எதுவரைக்கும் இருக்கலாம்னு குடுத்திருக்கா?" என்று கேட்டார்.

முப்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம். மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே எங்கள் வீடு. மாமனார் ஹைகோர்ட் வக்கீல். இரண்டு பிள்ளைகளில் மூத்தவர் என் கணவர். இளையவன், என் கொழுந்தன், கல்லூரியில் பௌதிகம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். கேள்வி அவனைப் பார்த்துக் கேட்கப்பட்டது. அவன் கல்யாணம் செய்துகொள்ள விரும்பிய பெண் ஹங்கேரி தேசத்தவள். கோயில்களைப் பார்த்துவிட்டுப் போகத்தான் கப்பலேறி வந்தாள். அடையாற்றில் ஓர் ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரக் கிழவியின் பங்களாவில் அறை எடுத்துத் தங்கினாள். தமிழ் எழுத்துப் படிக்க ஆள் தேடி, என் கொழுந்தனைக் கண்டுபிடித்தாள். எழுத்து முடிந்த பிறகும் பாடம் முடியவில்லை.

இங்கிலீஷ்காரியாக இருந்தால் இந்த ஊரில் எத்தனை காலம் இருந்தாலும் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். மற்ற தேசத்தார் கதை வேறு. பாஸ்போர்ட்டில் முத்திரை வேண்டும். ஊருக்கு வந்ததும் எழும்பூர் போலீஸ் ஆபீசில் போய்ச் சொல்லவேண்டும். எதற்கு வந்தாய், எங்கே தங்குகிறாய், எப்போது போவாய் என்று கேட்டு, இன்ன தேதிவரை என்று குறித்துக் கொடுப்பார்கள். இவளுக்கு ஒரு தடவை நீட்டித்தும் கொடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் அவளே எனக்குச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் எனக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

கொழுந்தனுக்குத் தேதி சரியாகத் தெரியவில்லை. "மார்கழி பாதிவரைக்கும்னு சொன்னாப்பா" என்றான்.

"அழைச்சுண்டு வா. பாஸ்போர்ட்டையும் எடுத்துண்டு வரச் சொல்லு."

அடுத்த ஞாயிறு வந்தாள். மாமனார் ஊஞ்சலில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டைப் புரட்டினார். தாம் படிக்கிற எந்தக் காகிதத்தையும் அவர் ஒருமுறை படித்து முடித்து, திரும்ப முதல் வரியிலிருந்து படிப்பார். அப்படிப் படித்தார். பிறகு மூடி, இரண்டு கையாலும் அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று இங்கிலீஷில் சொன்னார். "ஒரு ஹோமம் செய்து எங்கள் வழக்கப்படி உனக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் போதும். இப்போது ஐப்பசி அடைமழை. கார்த்திகையில் என் தம்பி வீட்டில் ஒரு கல்யாணம், அதே மாதத்தில் இன்னொன்று எங்களுக்கு வழக்கமில்லை. மார்கழியில் யாரும் செய்வதில்லை. தையில் நல்ல முகூர்த்தம் இருக்கிறது."

அவள் அழுதுவிட்டாள். மாமியார் அவளுக்கு மஞ்சள் குங்குமம் கொடுத்தாள். கொழுந்தன் அப்பாவின் காலில் விழுந்தான். அவன் எழுந்தபோது அவன் முகத்தைப் பார்த்தேன். சூரியனுக்கும் பூமிக்கும் எத்தனை மைல் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவனுக்கு, மார்கழிக்கும் தைக்கும் நடுவே இருந்த தூரம் தெரியவில்லை.

அவள் போனபின் அவள் உட்கார்ந்த இடத்தில் மாமியார் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். சமையலறையில் நான் கேட்டேன், "நிஜமாவே சம்மதமாம்மா?"

"சம்மதம் இல்லேன்னா என்ன ஆகும்? அவளை இழுத்துண்டு ரிஜிஸ்திரார் ஆபீசுக்குப் போவான். கல்யாணம் ஆயிடுத்துன்னா அவளும் பிரிட்டிஷ் பிரஜை, ஒருத்தராலும் அனுப்ப முடியாதாம். உங்க மாமனார் சொன்னார்." அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தொடர்ந்தாள். "போலீஸ்காரன் அனுப்பட்டும். நாம ஏன் அனுப்பணும்? நமக்கு எதுக்குப் பொல்லாப்பு?"

அன்றைக்கே கொழுந்தனிடம் சொல்லிவிட்டேன். மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போனபோது அவன் அங்கே படித்துக்கொண்டிருந்தான். மாமியார் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

அவன் சிரித்தான். "அம்மா ஏதாவது உளறிண்டுதான் இருப்பா மன்னி. அப்பா வாக்குக் குடுத்திருக்கார். கோர்ட்டுல எதிராளி வக்கீல்கூட அவர் வார்த்தையை நம்பறான், நான் நம்ப மாட்டேனா?"

"அவளோட தேதி மார்கழியில முடியறதே?"

"அப்பா பேர் சொன்னா நீட்டிச்சுக் குடுத்துட்டுப் போறான்."

கார்த்திகையில் மாமனார் வாராவாரம் தியாகராய நகர் போய்வந்தார். அங்கே புதிதாக மனை வாங்கி வீடு கட்டியிருந்த ஒரு இன்ஜினீயர் வீட்டுக்கு. கல்யாண விஷயமாக என்றார். அது உண்மை. சமையற்காரருக்கும் மேளக்காரருக்கும் சொல்லியாயிற்று. தையில் எந்த நாள் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அவளுக்கும் தெரியும். அந்தத் தேதியைத் தமிழில் சொல்லப் பழகிக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

மார்கழி பிறந்தது. மாமியார் அவளைக் கூப்பிட்டு, எங்கள் வீட்டுக்கு வரப்போகிறவள் வாசலில் கோலம் போடவேண்டாமா என்றாள். இருட்டுப் பிரியுமுன் அவள் அடையாற்றிலிருந்து ரிக்‌ஷாவில் பாலம் தாண்டி வருவாள். ரிக்‌ஷாக்காரன் நொச்சிக்குப்பத்து ஆள். வண்டியை நிறுத்திவிட்டு, பல்லில் குச்சியோடு வேடிக்கை பார்ப்பான்.

"இன்னாம்மா, தொரசானி கோலம் போட்டுக்கினு கீது, நீ சொம்மா நின்னுக்கினு கீறே?" என்பான் என்னிடம். "ஐயே, அந்தப் பக்கம் புள்ளி ஒண்ணு வுட்டுப்புட்டே பாரு, தொரசானி. கண்ணாலத்துக்கு எனக்கு வேட்டி உண்டா, இல்ல சோறு மட்டும்தானா?"

"வேட்டி உண்டு!" என்று அவள் சொல்வாள். வேட்டி என்ற சொல் அவள் வாயில் சுத்தமாக வரும்.

மாமியார் வாசல்படியில் நின்று, "பேஷ், பேஷ், எத்தனை நேர்த்தி!" என்பாள். ரிக்‌ஷா தெரு முனை திரும்பியதும் ஒரு வாளித் தண்ணீரைக் கோலத்தின்மேல் ஊற்றுவாள். என்னைப் புதிதாகப் போடச் சொல்வாள். அவள் போட்டதையே நான் திரும்பப் போடுவேன், அதே புள்ளி, அதே வளைவு. ஒரு நாளும் மாமியார் வித்தியாசம் கண்டுபிடித்ததில்லை.

தேதி நெருங்கியது. நீட்டிப்புக்கு மனுப் போடவேண்டும், கல்யாணம் செய்துகொள்ளும் வீட்டுப் பெரியவர் உடன் வந்து சொன்னால் நல்லது என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். மாமனாரைக் கேட்டாள். அதற்கென்ன, போகலாம் என்றார். ஆனால் அடுத்த நாள் அஷ்டமி, அதற்கடுத்தது நவமி. நல்ல காரியத்துக்கு இரண்டும் ஆகாது. பிறகு வந்த இரண்டு நாளும் அவருக்குக் கோர்ட். அதற்கும் மறுநாள், கடைசி நாளுக்கு முந்தின நாள், தலைப்பாகையும் நீளக் கோட்டும் போட்டுக்கொண்டு அவளைக் காரில் அழைத்துப் போனார். அவள் வரச் சொல்லிக் கேட்டதால் நானும் போனேன்.

எங்களை வெளியே பெஞ்சியில் உட்காரவைத்து அவர் மட்டும் அதிகாரியின் அறைக்குள் போனார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. மாமனார் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஊர் பார்க்க என்று வந்தவர்களுக்கு ஒரு தடவைதான் நீட்டிப்பார்களாம். கொழும்புக்குப் போய்ப் புதிதாக அனுமதி வாங்கிக்கொண்டு வரலாம். கஷ்டமில்லை."

"தைக்குள் வந்துவிடுவேனா?"

"உன் அதிர்ஷ்டம்" என்றார். அவள் அவருக்கு நன்றி சொன்னாள். இரண்டு முறை சொன்னாள்.

அன்று சாப்பாட்டில் மாமியார் சாற்றமுது பரிமாறிக்கொண்டே, உள்ளே என்ன பேசினீர்கள் என்று கேட்டாள்.

"நான் ஒண்ணுமே சொல்லலே. 'உங்களுக்கு ஆட்சேபணை ஏதாவது உண்டா?'ன்னு அவன்தான் கேட்டான். 'ஒண்ணும் இல்லே. எனக்கும் அந்தப் பொண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லே, உங்க சட்டப்படி பண்ணுங்கோ'ன்னேன்." மோருக்குக் கையை நீட்டினார். "பொய் ஒண்ணும் சொல்லலையே."

அன்று மாலை அவள் கொழுந்தனிடம், நாளைக்கே ரிஜிஸ்திராரிடம் நோட்டீஸ் கொடுத்துவிடலாம், நோட்டீஸ் கொடுத்ததைக் காட்டினால் போலீசில் கொஞ்சம் பொறுப்பார்கள் என்று கேட்டாள். நானும் அங்கே இருந்தேன். அவன் அவளுக்குப் பொறுமையாக விளக்கினான். ரிஜிஸ்திராரிடம் போனால் எந்த மதத்தையும் சேர்ந்தவனில்லை என்று எழுதிக் கொடுக்கவேண்டும். அப்புறம் அப்பாவுக்குக் கர்மம் செய்யும் அதிகாரம் தனக்கு இருக்காது. அப்பாவே சம்மதித்திருக்கும்போது எதற்கு அந்த அவமானம்? அதுவும் மார்கழியில்?

"மார்கழி என்றால் என்ன?" என்று அவள் கேட்டாள். "அது ஒரு மாதம்தானே?"

அவன், நாலு வாரத்தில் வந்துவிடுவாய் என்றான்.

எழும்பூரில், கொழும்புக் கப்பலைப் பிடிக்கும் தனுஷ்கோடி போட் மெயில் ரயிலில் ஏற்றிவிட்டோம். மாமியார் புளியோதரை கட்டிக் கொடுத்தனுப்பினாள், நல்லெண்ணெய் தாராளமாக விட்டு. "வழியில கெட்டுப் போகாது" என்றாள்.

வைகுண்ட ஏகாதசி வந்தது. வீட்டில் எல்லாரும் உபவாசம். மறுநாள் துவாதசி. காலையிலேயே அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சமைத்து, பெருமாளுக்குக் காட்டி, எல்லாரும் உபவாசம் முடித்துப் பாரணை செய்தோம். மாமியார் மட்டும் இலையில் உட்காரவில்லை. கூடத்தில் தூணோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"எழுந்துரும்மா, நாழியாறது" என்றான் கொழுந்தன்.

"தியாகராய நகர் இன்ஜினீயர் பொண்ணைப் பண்ணிக்கறேன்னு சொல்லு, சாப்பிடறேன்."

முதலில் அவன் கத்தினான். பிறகு அப்பாவைப் பார்த்தான். மாமனார் ஊஞ்சலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "வாக்குக் குடுத்தேளேப்பா!" என்றான்.

"குடுத்தேன். தை முகூர்த்தத்துக்கு அவளை இங்கே இருக்கச் சொல்லு, நடத்தறேன். இருக்காளா?"

"கொழும்பிலேர்ந்து வந்துடுவா."

"எப்போ? தேதி சொல்லு. சமையற்காரனுக்கு அச்சாரம் குடுத்தாச்சு, மேளத்துக்குச் சொல்லியாச்சு. தேதி தெரியாத பொண்ணுக்காக எல்லாத்தையும் நிறுத்தறதா?"

மாமியார் தண்ணீரும் குடிக்கவில்லை. பொழுது சாயும்போது அவள் உதடு வெடித்திருந்தது. துவாதசியில் பாரணை செய்யாமல் விட்டால் ஏகாதசிப் பலனே போய்விடும், அந்தப் பாவம் அதற்குக் காரணமானவனையே சேரும் என்று அடுத்த வீட்டு மாமி வாசலில் நின்று உரக்கச் சொன்னாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவன் சரி என்றான். மாமியார் எழுந்து கைகால் அலம்பிக்கொண்டு, அகத்திக்கீரைக்கு உப்புப் போதவில்லை என்றாள்.

கொழும்பிலிருந்து கடிதங்கள் வந்தன. மாமனார் ஒன்றையும் பிரிக்கவில்லை, ஒளிக்கவில்லை. தபால்காரன் கொடுத்ததும் அவரே மாடியேறிப் போய் மகன் கையில் கொடுத்துவிட்டு வருவார். பதில் போனதாக எனக்குத் தெரியாது.

தையில், குறித்த நாளில், குறித்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. மேளம் நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

தை முடியும் தறுவாயில் ஒரு நாள் வாசலில் ரிக்‌ஷா நின்றது. அவள்தான். நேரே ஸ்டேஷனிலிருந்து வந்திருந்தாள். இளைத்திருந்தாள். முகூர்த்த நாள் போய்விட்டதே என்று அவளுக்குக் கவலை. அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தாள். கொழும்பில் காரணம் கேட்டார்களாம், கல்யாணம் என்று சொன்னாளாம், அதனால்தான் விசாரித்து விசாரித்துத் தாமதமாகிவிட்டதாம். அடுத்த முகூர்த்தம் எப்போது என்று மாமியாரிடம் தமிழில் கேட்டாள்.

மாமியார் முகம் மலர, "வாம்மா, வா. உக்காரு" என்றாள். உள்ளே திரும்பி, "அம்மாடி, காப்பி கொண்டா" என்று கூப்பிட்டாள். தியாகராய நகர்ப் பெண் வெள்ளி டம்ளரோடு வந்தாள். மாலை வாடின வாசனைகூட இன்னும் போகாத புதுப்பெண், கழுத்தில் புது மஞ்சள் கயிறு. "இவதான் எங்க சின்ன நாட்டுப்பொண்ணு" என்றாள் மாமியார்.

அவள் என்னைத்தான் பார்த்தாள். சின்ன நாட்டுப்பெண் என்றால் இளைய மருமகள் என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். வேறு யாரும் சொல்வதாக இல்லை. மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவளும் கேட்டாள், படிக்கட்டைப் பார்த்தபடி காத்திருந்தாள். யாரும் இறங்கி வரவில்லை. காப்பி ஆடை கட்டியது.

மாமனார் ஊஞ்சலில் இருந்து மிக மரியாதையாகக் கேட்டார், "இந்தத் தடவை எத்தனை காலம் கொடுத்திருக்கிறார்கள்?"

"ஆறு மாசம்" என்று அவள் தமிழில் சொன்னாள்.

"பேஷ். நிதானமாக இருக்கலாம்."

அவள் எழுந்தாள். நான் வாசல்வரை போனேன். ரிக்‌ஷாக்காரன் பல்லில் குச்சி இல்லாமல், சிரிக்காமல் வண்டியின் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு, "எங்கம்மா?" என்றான். எழும்பூர் என்றாள். ஊருக்கு வந்ததைப் போலீசில் அன்றே சொல்லியாக வேண்டும். ஏறி உட்கார்ந்தபின், வந்த காரணத்தை மறுபடி கேட்பார்களே, என்ன சொல்வது என்று என்னைக் கேட்டாள். கல்யாணம் என்று இனிமேல் சொல்ல முடியாது. வேறு சொன்னால் பொய் சொல்லி வாங்கினாய் என்பார்கள்.

மாமனாருக்குக் காது கூர்மை. கூடத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"ஊர் பார்க்கன்னு சொல்லச் சொல்லு. அதுக்கு ஒருத்தனும் தடை சொல்ல மாட்டான்."