பேட்டரிக்கு ஊற்றிய சாஃப்ட் வாட்டர்

கடையில் விற்கிற டிஸ்டில்டு வாட்டர் பாட்டிலில் எதைப் பிடித்து அடைக்கிறார்களோ என்று எனக்குப் பயம். எட்டாவதோடு நின்றவன் என்றாலும், இந்த அளவுக்குச் சந்தேகப்படத் தெரியும். அதனால் என் பழைய மோட்டார் சைக்கிளின் பேட்டரிக்கு, வேலை பார்த்த சாயப்பட்டறையின் சாஃப்ட் வாட்டரையே ஊற்றி வந்தேன். பட்டறை இருக்கும் வீரபாண்டியின் போர்வெல் தண்ணீரின் கடினத்தைப் போக்கி, வெளிநாட்டுக்காரன் பனியனுக்கே சாயம் ஏற்றுகிற தண்ணீர். என் பேட்டரிக்கு ஆகாதா?

அந்தக் காலை முதலாளி ஒரு சாண் துணியைக் கவரில் போட்டுக் கொடுத்தார். புதுச் சாயத்தின் ஷேடு. எக்ஸ்போர்ட் ஆபீஸுக்கு வந்திருக்கும் வெளிநாட்டுப் பையர், பதினோரு மணிக்குக் கிளம்புவதற்குள் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் மொத்தத் துணி லாட்டும் அப்படியே கிடக்கும். "போன தடவ மாதிரி லேட் பண்ணுனா, அப்பறம் நீங்க வர வேண்டாமுங்க" என்றார். வேலையை விட்டு அனுப்பும்போதும் 'ங்க' போடுகிற நாகரிகம் எங்கள் பக்கத்தில் உண்டு.

பாதி வழியில், ரோட்டோரத்து டீக்கடை முன்னால் வண்டி நின்றது. ஹாரன் அடித்தேன், சளி பிடித்தவன்போல முனகியது. என் வண்டி பேட்டரி கரண்டில்தான் ஸ்பார்க் அடிக்கும். பேட்டரி செத்தால் கிக்கரை உதைப்பது காலுக்கு நல்ல பயிற்சி, அவ்வளவுதான். நான் முப்பது உதை பயிற்சி எடுத்தேன்.

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் இன்ஜினியர்கள்.

"பிளக்கக் கழட்டித் தொடைங்க."

"தொடச்சுட்டனுங்க."

"அப்ப இன்னொருக்காத் தொடைங்க."

செல்போன் அடித்தது. முதலாளி. "எங்கீங்க இருக்கீங்க?"

"பக்கத்துல வந்துட்டனுங்க" என்றேன். எதற்குப் பக்கத்தில் என்று அவர் கேட்கவில்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த வளைவில் இருந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். திருநெல்வேலிப் பக்கத்து மெக்கானிக். பேட்டரி மூடியைத் திறந்து, கண்ணாடிக் குழாயில் தண்ணீரை உறிஞ்சிப் பார்த்தார். உள்ளே மிதவை எழுந்திருக்கவே இல்லை; பேட்டரியில் சார்ஜ் இல்லை என்று அர்த்தம்.

"என்ன தண்ணி அண்ணாச்சி ஊத்துனிய?"

"சாஃப்ட் வாட்டருங்க. பட்டறைத் தண்ணி."

"அத எத வச்சு சாஃப்ட் ஆக்குதாவ?"

"உப்புங்க."

"யாரு உப்பு போடுதா?"

"நாந்தானுங்க. தெனமும் காலைல."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "பேட்டரிய ஊறுகா போட்டுட்டியளே" என்று மட்டும் சொன்னார்.

வேறு ஒரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து, ஒரே உதையில் வண்டியைக் கிளப்பினார். ஒயரை எடுத்துவிட்டு எச்சரித்தார்: "ஆக்ஸிலேட்டர விட்டுராதிய. கை எடுத்தா நின்னுரும்."

கையை எடுக்கவில்லை. சிக்னலிலும் முறுக்கினேன், போலீஸ்காரர் முறைத்தபோதும் முறுக்கினேன். எக்ஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் பத்தே முக்காலுக்குப் போய் நின்றேன். ஆபீஸ் மூன்றாவது மாடியில் என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. வண்டியை விட்டுவிட்டு ஏற முடியாது, துணி தானாக ஏறாது. வாட்ச்மேன் கையில் கவரைக் கொடுத்துவிட்டு, வாசலை மறைத்துப் புகை விட்டுக்கொண்டு நின்றேன். அவர் படியில் தடுக்கி விழுந்தால்? துணியைச் சாக்கடையில் போட்டுவிட்டால்? துணி கைமாறியதும் பையருக்குக் கண் மங்கிவிட்டால்?

ஷேடை வெயிலில்தான் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் சட்டம். அதனால் பையரே இறங்கி வந்தார். சிவந்த, உயரமான வெள்ளைக்காரர். கூடவே ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தம்பி. வெள்ளைக்காரர் துணியை வெயிலில் திருப்பினார், முகர்ந்தார், கசக்கினார். என் வண்டிப் புகையில் ஒருமுறை இருமினார். பிறகு தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுத் துணியை என்னிடம் நீட்டினார்.

அவ்வளவு பெரிய மனிதர் நீட்டும்போது ஒற்றைக் கையில் வாங்குவதா? இரண்டு கையாலும் வாங்கி, கும்பிட்டேன்.

வண்டி நின்றுவிட்டது.

வெள்ளைக்காரர் ஏதோ சொன்னார். தம்பி மொழிபெயர்த்தான்: "அண்ணா, சத்தத்த நிறுத்துனதுக்கு தேங்க்ஸ் சொல்றாருங்க."

வண்டியை வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டு டவுன் பஸ் ஏறினேன். அரை மணியில் வீரபாண்டி. காலையிலேயே பஸ்ஸில் போயிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பஸ் பிரேக்டவுன் ஆகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.