வேர் ஆர் யூ கோயிங்?

எங்கள் வீட்டில் வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்டுவிட்டால் அவ்வளவுதான். கிளம்பியவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார், உட்காருவார், ஒரு வாய் தண்ணீர் குடிப்பார், பிறகுதான் மறுபடி படியிறங்குவார். கேட்டவருக்கு அன்று பொழுது சாயும்வரை மண்டகப்படி நடக்கும். தெரிந்தே ஆகவேண்டும் என்றால் ‘தூரமா?’ என்று கேட்கலாம். அதற்கு அவர் ‘இப்படித்தான்’ என்று சொல்லி, ஏதாவது ஒரு திசையில் கையை ஆட்டுவார். திண்டிவனத்துக்கு உரம் வாங்கப் போகிறவரும் இப்படித்தான், பெண் பார்க்கப் போகிறவரும் இப்படித்தான்.

நாளைக்கு நடக்கப்போவதைப் பற்றியும் எங்கள் ஆட்கள் வாய்விட்டுச் சொல்லிவிட மாட்டார்கள். மழை வருமா? பார்க்கலாம். மல்லாட்டைக் கடலை விலை ஏறுமா? பார்க்கலாம். அப்பா மோட்டாரைச் சரிசெய்வாரா? அதையும் பார்க்கலாம். இப்படிப்பட்ட வீட்டில்தான், எட்டாவது படித்துக்கொண்டிருந்த நான், என் அம்மாவுக்கு இங்கிலீஷில் எதிர்காலத்தைச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். கொழுப்புதான், வேறென்ன.

அம்மா எங்கள் ஊர் அங்கன்வாடியில் ஆயா. சமைப்பது, பெருக்குவது, பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பது எல்லாம் அவள் வேலை. பாட்டுச் சொல்லிக்கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது டீச்சர் வேலை. அந்த டீச்சர் அடுத்த வருஷம் ஓய்வு பெறுவதாக இருந்தார். பத்தாவது பாஸ் பண்ணியிருந்தால் அந்த இடத்துக்கு அம்மா எழுதிப்போடலாம். அம்மா பத்தாவதில் இங்கிலீஷ் மட்டும் பெயில். பதினைந்து வயதில் ஒருதரம், எனக்கு ஏழு வயதாக இருந்தபோது இன்னொருதரம்.

அந்த இரண்டாவது தரம் அவள் பரீட்சைக்குக் கிளம்பியபோது, அடுத்த வீட்டுப் பெரியம்மா தெருமுனையில் பார்த்து, இவ்வளவு காலையில் எங்கே என்று கேட்டுவிட்டாள். நேரமாகிவிட்டது என்று அம்மா வீட்டுக்குத் திரும்பாமல், தண்ணீரும் குடிக்காமல் போய்விட்டாள். அவள் பெயிலானதற்கு வீடே அந்தக் குடிக்காத தண்ணீரைத்தான் காரணம் சொன்னது. இங்கிலீஷ் தெரியாததை யாரும் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதனால் மூன்றாவது தரம் விண்ணப்பம் போட்டது அப்பாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். அம்மாவின் வைராக்கியத்தைச் சொல்லவேண்டும். அங்கன்வாடியில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து, வீட்டு வேலையையும் முடித்து, சாயந்திரம் விதை மல்லாட்டை உரிக்க முறத்தோடு உட்காரும்போதுதான் எங்கள் வகுப்பு ஆரம்பிக்கும். கை உரித்துக்கொண்டே இருக்கும், வாய் ஒப்பித்துக்கொண்டே இருக்கும். நான் கையில் ஒரு குச்சி வைத்திருந்தேன். அடிப்பதற்கில்லை, டீச்சர் என்றால் குச்சி வேண்டும் என்பதற்காக.

அவளுக்கு மற்ற பாடமெல்லாம் எப்படியோ ஏறியது. எதிர்காலம்தான் பேஜாராக இருந்தது. தமிழில் நாம் நாளைக்கு வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். இன்றைக்கும் வர்றேன்தான், நாளைக்கும் வர்றேன்தான். இங்கிலீஷ்காரனுக்கு மட்டும் ஏன் இத்தனை வகை என்று அம்மா நிஜமாகவே கோபப்பட்டாள். நான் வீட்டு ஆட்களை வைத்தே விளக்கினேன். அப்பா காப்பி குடித்துக்கொண்டே திடீரென்று, சரி மோட்டாரைப் பார்க்கிறேன் என்கிறாரே, அது ‘வில்’. அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது. பெரியப்பா மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவதென்று முடிவுபண்ணிக் கயிறெல்லாம் வாங்கி வைத்துவிட்டாரே, அது ‘கோயிங் டு’. ரயில் ஏழு மணிக்குப் புறப்படும் என்று போர்டில் எழுதியிருந்தால், எதிர்காலமே வேண்டாம், ‘லீவ்ஸ்’ என்று இப்போது நடப்பதுபோலவே சொல்லிவிடலாம்.

மூன்றாவதைக் கேட்டதும் அம்மா உரிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். விழுப்புரம் பாசஞ்சர் என்றைக்கு ஏழு மணிக்குப் புறப்பட்டது, அதை நம்பியா இலக்கணம் எழுதிவைத்தான் என்றாள். ஆனால் ‘கோயிங் டு’ அவளுக்குப் பிடித்துப்போனது. “எழுதப் போறேன், பாஸ் பண்ணப் போறேன்னு நாமளும் போறதத்தான சொல்றோம். இவன் ஒருத்தன்தான் இதுல நம்மள மாதிரி பேசிக்கினு இருக்கான்” என்றாள்.

ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் அவள் வாயிலிருந்து வாங்கவே முடியவில்லை. ஐ ஆம் கோயிங் டு பாஸ். எழுதவும் மாட்டாள், சொல்லவும் மாட்டாள். அப்பா பாஸாவார் என்று சொல்வாள், ஆட்டுக்குட்டி பாஸாகும் என்றுகூட எழுதிக் காட்டுவாள். தன்னைப் பற்றி என்றால் வாய் பூட்டிக்கொள்ளும். நடக்காததை நடந்துவிடும் என்று சொன்னால் கண் பட்டுவிடும் என்பாள். வாக்கியத்துக்கு ஏதம்மா கண்ணு என்று நான் குச்சியால் முறத்தைத் தட்டுவேன்.

தடுமாறாமல் பதில் வரவேண்டும் என்பதற்காக ஒரு சட்டம் போட்டிருந்தேன். நான் எப்போது வேண்டுமானாலும், எங்கே வேண்டுமானாலும் இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்பேன். அவள் உடனே முழு வாக்கியத்தில் பதில் சொல்லவேண்டும். அடுப்படியில் கேட்டேன், குழாயடியில் கேட்டேன், ஷேர் ஆட்டோவில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தபோதும் கேட்டேன். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளும் அசராமல் பதில் சொன்னாள். எதற்கென்று தெரியாவிட்டாலும், எங்கள் தெருவில் எங்களைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது.

புரட்டாசியில் பரீட்சை வந்தது. சென்டர் விழுப்புரத்தில். விடிந்ததும் அம்மா பச்சைப் புடவை கட்டி, ஹால் டிக்கெட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு, சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினாள். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் முதுகைப் பார்த்தபோது எனக்குள் இருந்த டீச்சர் சும்மா இருக்கவில்லை. வாயில் நுரையோடு, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்: வேர் ஆர் யூ கோயிங்?

அம்மா அப்படியே நின்றாள்.

அடுத்த வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்த பெரியம்மாவும் நிமிர்ந்தாள். அவளுக்கு இங்கிலீஷில் தேங்க்ஸ் தவிர வேறு வார்த்தை தெரியாது என்று நினைத்திருந்தேன். இதுமட்டும் எப்படியோ தெரிந்திருந்தது. “பெத்த பொண்ணே கேட்டுப்புட்டாளே. உள்ள போயி உக்காந்துட்டு வாடி” என்றாள்.

நான் வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடிவந்து வாதாடினேன். தமிழில் கேட்டால்தானே சகுனம், இங்கிலீஷுக்கு அது கிடையாது என்றேன். சாமிக்கு இங்கிலீஷ் தெரியாதா என்று பெரியம்மா கேட்டாள். அம்மா என்னைத் திட்டவில்லை. உள்ளே வந்தாள், பாயில் உட்கார்ந்தாள், சொம்புத் தண்ணீரைக் கண்ணை மூடிக் குடித்தாள். எழுந்துபோய்த் திண்டிவனம் ஸ்டேஷனைப் பிடிப்பதற்குள், ஒருநாளும் நேரத்துக்குக் கிளம்பாத பாசஞ்சர் அன்றைக்குப் பார்த்து ஏழு மணிக்கே கிளம்பியிருந்தது.

வெகுநேரம் காத்திருந்து பஸ் பிடித்து, இறங்கி ஓடி, கால்மணி நேரம் தாமதமாகத்தான் பரீட்சை எழுத உட்கார்ந்தாள். கடைசிக் கட்டுரையைத் தொடவே நேரமில்லை. மூன்று மார்க்கில் பெயில்.

உட்கார்ந்து தண்ணீர் குடிக்காமல் போயிருந்தால் ரயிலைப் பிடித்திருப்பாள் என்று அப்பா சொன்னார். அதையும் குடிக்காமல் போயிருந்தால் மூன்று மார்க்கோடு போயிருக்காது, முப்பது மார்க் குறைந்திருக்கும் என்று பெரியம்மா சொன்னாள். எப்படிப் பார்த்தாலும் வழக்கு என் வாயில்தான் வந்து முடிந்தது. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் நான் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் யாராவது செருப்பு மாட்டினால் பின்பக்கம் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவேன். குச்சியை உடைத்து அடுப்பில் போட்டேன். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் எழுப்பிக் கேட்டால்கூட வாய் திறக்காமல் நின்றேன். எப்போதும் முதலில் கை தூக்குகிற பெண் இப்படி ஆகிவிட்டாளே என்று அவர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அம்மா போய்க் கேட்டுவிட்டு வந்தாள். என்னிடம் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் அவள் விடவில்லை. பங்குனிப் பரீட்சைக்கு மறுபடி விண்ணப்பம் போட்டாள், இந்தத் தடவை ஊரறிய. நான் கூட உட்காராததால் கேள்வியையும் அவளே கேட்டாள், பதிலையும் அவளே சொன்னாள். கேப்பைக்கூழைக் கிண்டிக்கொண்டே ஒரு குரலில் கேட்டு இன்னொரு குரலில் பதில் சொல்கிறவளைக் கண்டு அப்பா கொஞ்சம் பயந்துதான் போனார். டீச்சருக்குப் பிரிவுபசார விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். இந்தத் தடவை விட்டால் அந்த இடத்துக்கு வெளியூரிலிருந்து ஆள் போட்டுவிடுவார்கள்.

பரீட்சை அன்று காலையில் நான் வழக்கம்போலக் கொட்டகையில் போய் ஒளிந்துகொண்டேன். அதே பச்சைப் புடவையில் அம்மா அங்கேயே வந்துவிட்டாள். கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டுவந்தாள். ஒரு காலைப் படிக்கு வெளியே வைத்து, ஒரு காலை உள்ளே வைத்து நின்றாள்.

“கேளு பாப்பா” என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அழ ஆரம்பித்துவிட்டேன். மாட்டேன் என்று தலையாட்டினேன். அப்பா மொபெட்டை உறுமவிட்டுக்கொண்டு, நேரமாகிறது என்று கத்தினார். பெரியம்மா துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“டிரெயின் போனாலும் பரவால்ல. நீ கேக்காம நான் இங்கேர்ந்து நகர மாட்டேன்.”

சொன்னால் சொன்னதுதான், அவள் அப்படி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எனக்கே கேட்காத குரலில் கேட்டேன். சத்தமாக என்றாள். கேட்டேன். இன்னும் சத்தமாக என்றாள். ஆறு மாதமாக அடைத்துக் கிடந்த தொண்டை திறந்து தெருவே அதிரக் கத்தினேன்: வேர் ஆர் யூ கோயிங்?

அம்மா பள்ளிக்கூடப் பிள்ளைபோல இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு, பெரியம்மா பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, அழுத்தந்திருத்தமாகப் பதில் சொன்னாள். ஐ ஆம் கோயிங் டு விழுப்புரம். ஐ ஆம் கோயிங் டு ரைட் மை எக்ஸாம். உள்ளே வைத்திருந்த காலையும் வெளியே எடுத்து வைத்தாள். ஐ ஆம் கோயிங் டு பாஸ்.

சொல்லிவிட்டு இறங்கி மொபெட்டில் ஏறிக்கொண்டாள். தண்ணீர், தண்ணீர் என்று பெரியம்மா பின்னாலேயே ஓடினாள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கவரை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள். மொபெட் ஆட்டத்தில் நழுவிவிடாமல் இருக்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் பாஸானாள். இரண்டு வருஷம் அலைந்து, கடைசியில் அதே அங்கன்வாடியில் டீச்சரும் ஆனாள். எனக்கோ தலைகால் புரியவில்லை. நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷால் என் அம்மாவுக்குச் சகுனப் பைத்தியம் தெளிந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். மூடநம்பிக்கை என்ற தலைப்பில் பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டி வைத்தபோது அம்மாவைப் பற்றியே எழுதி முதல் பரிசும் வாங்கினேன். அம்மா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள், நல்லா எழுதியிருக்கே என்றாள். பரிசாக வந்த தட்டைத் துடைத்து அடுக்கில் வைத்தாள்.

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் எனக்கு நேர்முகத் தேர்வு. அம்மா வீட்டிலிருந்துதான் கிளம்பினேன். படியில் காலை வைத்ததும் என் நான்கு வயதுப் பையன் பின்னாலிருந்து, “எங்கம்மா போற?” என்றான். நான் சிரித்துக்கொண்டு நடக்கப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து அம்மா சொம்போடு ஓடிவந்து என் பையைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

“உக்காரு. தண்ணி குடிச்சிட்டுப் போ.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிறது என்றேன். அன்றைக்கு இதே வாசலில் நின்று என்னை அழ அழக் கேட்கவைத்தாயே, அப்போது மட்டும் சகுனம் எங்கே போயிருந்தது என்றேன்.

“அது என் பரீட்ச. போனா என்னோட போவும்னுதான் வுட்டேன். நீ வாயத் தொறக்காம கெடந்தியே, அதுக்கு நான் இன்னா பண்றது? இது உன்னுது. உக்காருடி மொதல்ல.”

அவள் சகுனத்தை விட்டிருக்கவே இல்லை. பெயிலாகிவிடுவோம் என்று முழுசாக நம்பிக்கொண்டேதான் அன்றைக்கு என் முன்னால் நின்று, கேள் கேள் என்று சொல்லியிருக்கிறாள். அதைத்தான் நான் மூடநம்பிக்கை ஒழிந்தது என்று எழுதி, எவர்சில்வர் தட்டு பரிசு வாங்கிவந்து அவள் கையிலேயே கொடுத்திருக்கிறேன்.

பாயில் உட்கார்ந்தேன். அவள் பார்த்துக்கொண்டே நிற்க, சொம்புத் தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்தேன்.