கண்ணாடி வெட்டுகிறவரின் ஆறாத விரல்

"மேற்படி ஊழியர் தொடர்ந்து ஒன்பதாவது ஆண்டாக ஒரு நாள்கூட நோய் விடுப்பு எடுத்ததில்லை. புகை, மது முதலிய பழக்கங்கள் அற்றவர். பூரண உடல்நலம் உடையவர்."

கண்ணாடிக் கடை முதலாளியின் அறையில் மாட்டியிருக்கும் சான்றிதழ் இப்படிச் சொல்கிறது. பக்கத்தில், அதை ஏந்தி நிற்கும் ஊழியரின் படம். படம் சற்றுக் கலங்கலாக இருக்கும். எடுத்தவர்மேல் தவறில்லை. இருமல் அடங்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்துதான் எடுத்தார். இருமலுக்குத்தான் பொறுமை இல்லை.

சான்றிதழின் முதல் வாக்கியம் உண்மை. காய்ச்சல் வந்தால் காய்ச்சலோடு வேலைக்கு வருவார். ஊருக்கெல்லாம் வருஷத்தில் ஒரு தடவை வரும் சளி அவருக்கு மூன்று தடவை வரும். மூன்று தடவையும் கடைக்கு வந்து எல்லோருக்கும் பாரபட்சமில்லாமல் பங்கிட்டுக் கொடுப்பார். இரண்டாவது வாக்கியம், படிவத்தில் அவரே 'இல்லை' என்று போட்ட குறி. குறியைப் போட்ட களைப்புத் தீரப் பின்வாசலுக்குப் போய் ஒன்று பற்றவைத்தார்.

கடையில் அவருக்குக் கரண்ட் என்று பெயர். ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் கட்டர் கைக்கு வந்துவிட்டால் ஆள் வேறு. வலது ஆள்காட்டி விரலைக் கட்டரின் முதுகில் அழுத்தி ஒரே இழுப்பு. நூல் பிடித்தாற்போல் கீறல் விழும். மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்கும். மறுகணம் பின்வாசல். நாளைக்கு இருபது கண்ணாடி, இருபது சிகரெட்.

கண்ணாடிக் கடையில் கை வெட்டுப்படுவது ஒரு செய்தியே அல்ல. அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. காயம் மூடும்வரை அந்த ஆள், தண்ணீர் ஊற்றி விளிம்பு தேய்க்கும் சக்கரத்தில் நிற்கக் கூடாது. அவருடைய பங்கை அடுத்த மேசைக்காரர் தேய்க்க வேண்டும். நாலைந்து நாள் விவகாரம் என்பதால் யாரும் முணுமுணுப்பதில்லை. கரண்டுக்கு ஆள்காட்டி விரல் நுனியில் பட்டது சின்ன வெட்டுதான். மூன்று வாரம் ஆயிற்று, ஐந்து வாரம் ஆயிற்று, வெட்டு வாய் பிளந்தபடியே இருந்தது. இருவர் பங்கையும் தேய்த்துத் தேய்த்து அடுத்த மேசைக்காரரின் விரல்கள் நாளெல்லாம் ஈரத்தில் ஊறிச் சுருங்கிப்போயிருந்தன.

"அண்ணே, காயம் ஆறலையா, இல்ல ஆற விடலையா?"

"ஏம்ப்பா, ஆசைப்பட்டா வச்சிருக்கேன்?"

"இல்லண்ணே, எனக்கெல்லாம் நாலு நாள்ல மூடிக்குது. உங்க காயம் உங்கள மாதிரி இல்ல, நிறைய லீவு எடுக்குது."

இது சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து கரண்ட் வைத்தியத்தில் இறங்கினார். பின்வாசலில் நின்று, சிகரெட் நுனியில் எழும் புகையில் விரலைக் காட்டினார். "புகை போட்டா கொசு ஓடுது. கிருமி ஓடாதா?" வாதத்தில் ஓட்டை எதுவும் அவருக்குத் தெரியவில்லை. கிருமிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவை ஓடவில்லை.

ஆறாவது வாரம், மீன் தொட்டியின் மூலைகளை அடைக்கும் சிலிகானைக் காயத்தின்மேல் பிதுக்கிச் சமமாக வழித்துவிட்டார். ஒரு தொட்டித் தண்ணீரைப் பத்து வருஷம் தாங்குகிற பசைக்கு ஒரு விரல் எம்மாத்திரம்? காய்ந்ததும் போய்ச் சக்கரத்தில் நின்றார். வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. உள்ளே இருந்ததும் வெளியே வரவில்லை. நான்காம் நாள் விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி நின்றது. பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருக்கும் மனைவி, அன்று தானே விடுப்பு எடுத்துக்கொண்டு அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்.

கை அறுவை மருத்துவர் வார்த்தைகளைச் சிக்கனமாகச் செலவழிக்கும் அம்மாள். சிலிகானை உரித்தார், சீழை எடுத்தார், கட்டுப் போட்டார்.

"எலும்பு தப்பிச்சிருக்கு. சீழ் அடங்கினதும் உள்ளங்கை ஓரத்துல இருந்து தோல் எடுத்து மூடலாம். அதுக்கு முன்னாடி நாலு வாரம் ஒரு சிகரெட்கூடத் தொடக் கூடாது. தொட்டீங்கன்னா வைக்கிற தோல் கறுத்துப்போயிடும். அப்புறம் விரலைப் பாதியோட எடுக்கிறதுதான் வழி."

"விரல்ல காயம், வாயில சிகரெட். ரெண்டுக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?"

மருத்துவர் செவிலியரைக் கைகாட்டிவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார். மனைவி அதற்குள் ரத்தப் பரிசோதனைத் தாளைப் படித்து முடித்திருந்தார்.

"சிஸ்டர், வெள்ளை அணு அதிகமா இருக்குன்னு போட்டிருக்கே. அதுதானே கிருமியோட சண்டை போடறது? அப்ப நல்லதுதானே?"

கரண்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சீழ் இருக்கறதால ஏறியிருக்கும்மா. ஆனா இவர மாதிரி புகை பிடிக்கிறவங்களுக்குக் காயம் இல்லாட்டியும் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். ஒவ்வொரு சிகரெட்டுக்கும் உடம்பு ஆபத்துன்னு மணி அடிச்சு ஆளக் கூப்பிடுது. தினம் இருபது மணி. வந்து வந்து நிக்கிறவங்க, நிஜமா கிருமி வர்றப்போ மந்தமா இருக்காங்க. போதாக்குறைக்கு ரத்தக் குழாய் சுருங்கிக் கிடக்கு, விரல் நுனிக்குப் போய்ச் சேரவே வழியில்ல."

"இவங்க கடைப் பின்வாசல் மாதிரின்னு சொல்லுங்க. கூட்டம் இருக்கும், வேலை நடக்காது."

"அதேதாம்மா. அடிக்கடி சளி பிடிக்குமே?"

"வருஷத்துக்கு மூணு."

"நெஞ்சுக்குள்ள அழுக்க வெளிய தள்ற மெல்லிசு முடிங்க இருக்கு. புகையில அதுங்களும் படுத்துடும்."

கரண்ட் தொண்டையைக் கனைத்தார். "நாலு வாரத்துல எல்லாரும் வேலைக்குத் திரும்பிடுவாங்களா சிஸ்டர்?"

"எல்லாரும்னு சொல்ல முடியாதுங்க. தோல் பிடிக்கிற அளவுக்கு வருவாங்க."

ஆள்காட்டி விரல் இல்லாமல் கட்டரை அழுத்த முடியாது. கட்டர் இல்லாமல் அவரை ஓரிடத்தில் நிற்க வைக்க உலகத்தில் வேறு பொருளே கிடையாது. அதனால் நிறுத்தினார்.

முதல் வாரம் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அலமாரிக் கதவுகளை இடது கையாலேயே கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். ஜன்னல்களையெல்லாம் அளந்து எழுதி வைத்தார். மின்விசிறி தன்னைப் பார்த்து முனகுகிறது என்று அதனோடு சண்டை பிடித்தார்.

"நீங்க பிடிச்சப்பவும் எனக்குத்தான் மூச்சு முட்டுச்சு, விட்டப்பவும் எனக்குத்தான் முட்டுது. கொஞ்சம் வெளிய போய் நடங்களேன்" என்றார் மனைவி.

நடந்தார். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர், கேட்காமலேயே வழக்கமான பெட்டியை எடுத்து நீட்டினார். விசுவாசமான மனிதர். கரண்ட் புதினா மிட்டாய் வாங்கிக்கொண்டு, சாலையின் எதிர்ப்பக்கமாகத் திரும்பி வந்தார். மறுநாள் வேறு தெரு. அங்கேயும் ஒரு பெட்டிக்கடை. இத்தனை பெட்டிக்கடைகளை வைத்துக்கொண்டு இந்த ஊர் எப்படி உயிரோடு இருக்கிறது என்று அன்றுதான் அவருக்குத் தோன்றியது.

இருமல் முன்பைவிடக் கூடியது. "பாத்தியா, பிடிச்சப்ப இவ்வளவு இல்ல" என்று வெற்றியோடு மனைவியிடம் காட்டினார். படுத்திருந்த முடிகள் எழுந்து பெருக்க ஆரம்பித்திருக்கின்றன என்று செவிலியர் தொலைபேசியில் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மூன்றாவது வாரம் கட்டுப் பிரித்தபோது காயத்தின் ஓரம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. அன்று மட்டும் கால்மணி நேரம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்தேழாவது நாள் மதியம், மறுநாள் அறுவை சிகிச்சை என்று சொல்லிவிட்டு வரக் கடைக்குப் போனார். அடுத்த மேசைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் ஏதேதோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்கண்ணே. தைரியமா போங்க" என்று பின்வாசலில் நின்று ஒன்றை நீட்டினார். முழுக்க முழுக்க அன்பு. கரண்டின் கை, அவரைக் கேட்காமலேயே வாங்கியது.

மறுநாள் காலை பச்சை அங்கியில் சக்கரக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். வெறும் வயிறா என்று கேட்டார்கள், வேறெதுவும் கேட்கவில்லை. அவர் எழுந்தார், படுத்தார், இறங்கி நின்றார், மறுபடி ஏறினார்.

"ஏங்க இப்படித் துடிக்கிறீங்க? வலிக்காம ஊசி போடுவாங்க" என்றார் மனைவி.

கரண்ட் பக்கத்தில் நின்ற செவிலியர் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், நேத்து ஒண்ணரை."

"என்ன ஒண்ணரை?"

"ஒண்ணு முழுசு. இன்னொண்ணப் பாதியில போட்டுட்டேன்."

செவிலியர் அறுவை அறைக்குள் போய்ச் சொன்னார். மருத்துவர் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"நீங்களாவே சொன்னீங்களா? சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"உங்ககிட்ட மறைச்சிடலாம் டாக்டர். விரல்கிட்ட எப்படி மறைக்கிறது?"

"ஒண்ணரைக்குத் தோல் போயிடும்னும் சொல்ல மாட்டேன், போகாதுன்னும் சொல்ல மாட்டேன். இன்னிக்கே வேணும்னா செய்யறேன். இல்லேன்னா முதல்ல இருந்து நாலு வாரம்."

"இன்னொரு நாலு வாரமா!" என்றார் மனைவி. நடைபாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவரே, குரலை இறக்கி, "உங்க விரல், நீங்க சொல்லுங்க" என்றார்.

கரண்ட் கட்டிலிலிருந்து இறங்கிச் சட்டையைத் தேடினார்.

தோல் பிடித்தது. அதற்கு முன்னால் அவர் இருபத்தாறு நாள் புகைக்காமல் இருந்தார், ஒரு நாள் ஒன்றரை சிகரெட் பிடித்தார், பிறகு இருபத்தெட்டு நாள் புகைக்காமல் இருந்தார்.